சமுதாயச் செவிலியத்தில் தலைமைப் பொறுப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனைக்கு வெளியே, நோயாளியின் வீட்டிலும் பள்ளியிலும் முதியோர் இல்லத்திலும் சுகாதார மையத்திலும் வேலை பார்க்கும் நர்ஸுகள் தலைமைப் பொறுப்புக்கு வரும்போது கேட்கிற கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நாட்டுக்கு நாடு பதவிப் பெயர்களும் விதிகளும் மாறும். வேலையின் இயல்பு அவ்வளவாக மாறுவதில்லை.

வார்டை நடத்துவதற்கும் சமுதாயச் செவிலியர் குழுவை நடத்துவதற்கும் என்ன வித்தியாசம்?

வார்டில் ஒரு இளம் நர்ஸுக்குச் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்த்தாலே போதும், இரண்டு படுக்கை தள்ளி ஒரு சீனியர் நிற்பார். வீடுகளுக்குப் போகும் நர்ஸுக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே நுழைந்துவிட்டால் மருத்துவம் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். பெரியவரின் கால் புண்ணில் வாடை வருகிறது, உடம்பு லேசாகச் சுடுகிறது, முந்தாநாள் தெளிவாகப் பேசியவர் இன்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். நாளை வரை பொறுக்கலாமா, இப்போதே டாக்டரைக் கூப்பிட வேண்டுமா? அந்த முடிவை எடுக்கும் நேரத்தில் குழுத் தலைவர் பக்கத்தில் இருக்க மாட்டார். இருக்கவும் முடியாது.

அதனால் இங்கே தலைமை வேலையில் பெரும்பகுதி அந்த நிமிடத்துக்கு முன்னும் பின்னும் நடக்கிறது. யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது, போவதற்கு முன் அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்வது, போன் செய்தால் எடுப்பார்களா, திரும்பி வந்து சொல்வதைக் கேட்க ஒருவர் இருக்கிறாரா? தனியாகப் போகும் நர்ஸ் தனித்து விடப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பொறுப்பின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதையே சுற்றி வரும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வார்டில் நோயாளி நம் இடத்துக்கு வந்திருக்கிறார். வீட்டில் நாம் அவர் இடத்துக்குப் போயிருக்கிறோம். கட்டிலை நகர்த்தக்கூட அவரிடம் கேட்டாக வேண்டும். அதிகாரமாகப் பேசிப் பழகியவர்கள் இந்தத் துறைக்கு வந்ததும் தடுமாறுவது இதனால்தான்.

என்னென்ன பொறுப்புகள் இருக்கின்றன?

முதல் படி குழுத் தலைவர். ஒரு பகுதியின் நோயாளிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, யாரை யார் பார்ப்பது என்று பிரித்துக் கொடுப்பவர். பெரும்பாலும் அவரும் நோயாளிகளைப் பார்ப்பார். அவருக்கு மேல் பல குழுக்களைக் கவனிக்கும் மேற்பார்வையாளர். ஆள் எடுப்பது, லீவு, பொருள் கையிருப்பு, பட்ஜெட், புகார் எல்லாம் அவர் தலையில். அதற்கும் மேலே மாவட்டம், மாகாணம், நாடு என்று போய், அரசின் முதன்மைச் செவிலிய அலுவலரில் முடியும். உலக சுகாதார நிறுவனத்திலும் இப்படி ஒரு பதவி உண்டு. 2017-இல் குக் தீவுகளைச் சேர்ந்த எலிசபெத் ஈரோ அதற்கு நியமிக்கப்பட்டார்.

இந்த ஏணியில் சேராத பொறுப்புகளும் இருக்கின்றன. காயப் பராமரிப்பு, நீரிழிவு, வலி தணிப்புச் சிகிச்சை போன்றவற்றில் தனித்தேர்ச்சி பெற்ற நர்ஸ், புதியவர்களைக் களத்தில் பழக்கும் பயிற்சியாளர், தரத்தையும் பாதுகாப்பையும் கவனிப்பவர் ஆகியோர் இதில் வருவார்கள். இவர்களுக்குக் கீழே ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் ஆறாத புண் ஒன்றைப் பார்த்து, 'இது அழுத்தத்தால் வந்தது இல்லை, ரத்த ஓட்டப் பிரச்சினை, கட்டை இறுக்காதீர்கள்' என்று ஒரு காய நர்ஸ் சொன்னால் முழுக் குழுவின் வேலையும் மாறும். மேலாளர் நாற்காலியை விட இந்த வகைப் பொறுப்பு எந்த விதத்திலும் சிறியதில்லை. நல்ல நர்ஸை நோயாளியிடமிருந்து பிரிக்காமலே அவரை உயர்த்தும் வழி இது. நிர்வாகங்கள் இதற்கு இன்னும் அதிக மதிப்பும் சம்பளமும் தர வேண்டும்.

பதவி இல்லாத நர்ஸும் தலைமை ஏற்க முடியுமா?

முடியும், தினமும் நடக்கிறது. அடுத்தடுத்த வாரங்களில் மூன்று முதியவர்கள் வீட்டில் வழுக்கி விழுகிறார்கள். மூவருக்கும் அண்மையில் தூக்க மாத்திரை மாற்றப்பட்டிருக்கிறது என்பதை ஒரு நர்ஸ் கவனித்து, குழுக் கூட்டத்தில் எழுப்பி, மருந்தை மறுபரிசீலனை செய்ய வைக்கிறார் என்றால் அது தலைமைதான். குழுத் தலைவரின் வேலை அப்படிப்பட்டவரைப் பேச விடுவது, பேசியதன் மேல் நடவடிக்கை எடுப்பது.

இந்த அமைப்பு எப்படி உருவானது?

இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இன்றைய சிக்கல்கள் பலவும் ஆரம்பத்திலேயே இருந்தவை. 1859-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர வணிகர் வில்லியம் ராத்போன், தன் மனைவியை இறுதிக் காலத்தில் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற நர்ஸை, நகரத்தின் ஏழை வீடுகளுக்குப் போய்ப் பணி செய்யும்படி கேட்டுக்கொண்டார். அங்கே கண்ட துயரம் தாங்காமல் ராபின்சன் சீக்கிரமே விலகிக்கொள்ள விரும்பினார். ராத்போன் அவரைத் தேற்றித் தொடரச் செய்தார். அதன் பிறகுதான் பலன் தெரிந்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகள் போதாததால் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் ஆலோசனையோடு லிவர்பூலில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். நகரத்தை 18 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் மேற்பார்வையாளரை வைத்தார்கள். நோயாளியைப் பார்க்க ஒருவர், அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்ற ஏற்பாடு அங்கேயே தொடங்கிவிட்டது.

1893-இல் நியூயார்க்கின் குடியேறிகள் பகுதியில் லிலியன் வால்ட், மேரி புரூஸ்டர் என்ற இரு நர்ஸுகள் வேலையைத் தொடங்கினார்கள். அதுவே ஏழைகளுக்கு வீட்டுச் செவிலியமும் சமூக உதவியும் தந்த ஹென்றி தெரு இல்லமாக வளர்ந்தது. 1902-இல் நோய் காரணமாகப் பள்ளிகளிலிருந்து ஏராளமான குழந்தைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குச் சிகிச்சை கொடுக்க யாரும் இல்லை. வால்ட் தன் குழுவிலிருந்து லினா ராஜர்ஸ் என்ற நர்ஸை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். குழந்தைகள் சிகிச்சை பெற்று வகுப்புக்குத் திரும்பியதைப் பார்த்த நகர நிர்வாகம் மேலும் நர்ஸுகளை வேலைக்கு எடுத்தது. கோரிக்கை மனுவோடு நிற்காமல் சின்னதாகச் செய்து காட்டி, கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட விதம் இன்றும் எல்லாக் குழுத் தலைவரும் கற்க வேண்டியது.

1925-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநில மலைப்பகுதியில் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற நர்ஸ் தொடங்கிய சேவையில் நர்ஸுகள் குதிரையில் போய்ப் பிரசவம் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே அந்தப் பகுதியின் பிறப்பு இறப்புகளைக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்துவிட்டார் அவர். பிறகு வந்த மாற்றத்தைக் காட்ட முடிந்தது அதனால்தான்.

நோயாளிகளை நர்ஸுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது எப்படி? தலைக்கு இத்தனை வீடு என்று சமமாகப் பிரித்தால் போதாதா?

போதாது. பார்க்க நியாயமாகத் தெரியும், ஆனால் அநியாயமான முறை அதுதான். ஒருவருக்கு எட்டு வீடு, எட்டும் ஊசி போட்டுவிட்டு வருவது. இன்னொருவருக்கும் எட்டு வீடு, அதில் ஒன்றில் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் ஒருவர், ஒன்றில் இரண்டு காலிலும் கட்டு மாற்ற வேண்டியவர், இரண்டு வீடுகள் எதிரெதிர் மூலையில். எண்ணிக்கை ஒன்றுதான், வேலை ஒன்றல்ல.

பிரிக்கும்போது முதலில் நேரம் தவறக்கூடாத வேலைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை உணவுக்கு முன் போட வேண்டிய இன்சுலின் இதற்கு நல்ல உதாரணம். அப்படி நான்கு பேர் நான்கு திசையில் இருந்தால் ஒரே நர்ஸால் முடியவே முடியாது. அவர் எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்காமவர் சாப்பிடாமல் காத்திருப்பார், அல்லது ஊசி இல்லாமலே சாப்பிட்டுவிடுவார். அதற்கு நர்ஸைக் கண்டிப்பது வீண், பட்டியலைத்தான் மாற்ற வேண்டும். அடுத்தது பயண நேரம். அதை வேலை நேரமாகக் கணக்கில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அது சாப்பாட்டு நேரத்திலிருந்தும் குறிப்பு எழுதும் நேரத்திலிருந்தும்தான் போகும். அப்புறம், நாளில் கொஞ்சம் இடம் காலியாக விட வேண்டும். கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) அடைத்துக்கொண்டால் யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. மருத்துவமனையிலிருந்து மதியம் டிஸ்சார்ஜ் ஆகிறவரை அன்று மாலையே பார்க்க வேண்டிவரும்.

முடிந்தவரை ஒரே நோயாளியை ஒரே நர்ஸ் தொடர்ந்து பார்ப்பது நல்லது. நேற்றையப் புண்ணைப் பார்த்தவருக்குத்தான் இன்றைய மாற்றம் கண்ணில் படும். அதே சமயம் மிகவும் சிரமமான வீட்டை ஒருவரே மாதக்கணக்கில் சுமக்கக் கூடாது. இரண்டு பேரை மாற்றி மாற்றி அனுப்புங்கள்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று: பட்டியலிலிருந்து பெயர்களை எடுப்பது. புண் ஆறி வெகு நாளாகியும் பழக்கத்தால் போய்க்கொண்டிருக்கும் வீடுகள் எல்லாக் குழுவிலும் உண்டு. தானே இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தால் பழகிவிடக்கூடியவருக்கு நாமே போட்டுக்கொண்டிருப்போம். மாதம் ஒரு முறை பட்டியலை வரிவரியாகப் பார்த்து, 'இவரை ஏன் இன்னும் பார்க்கிறோம்?' என்று கேளுங்கள். சில வீடுகளில் நர்ஸ் வருவதுதான் அந்த முதியவருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே மனிதத் துணை என்பதும் அப்போது தெரியவரும். அங்கே சட்டென்று நிறுத்திவிடாமல், சமூகப் பணியாளர் வழியாக வேறு துணை ஏற்படுத்திவிட்டுத்தான் விலக வேண்டும்.

உதவியாளர்களிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம்?

அமெரிக்காவின் செவிலிய வாரியங்களின் தேசியக் குழுமம் இதற்கு ஐந்து சோதனைகளை முன்வைக்கிறது: சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. ஐந்தும் பொருந்தினால்தான் கொடுக்கலாம். நடைமுறையில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும். ரத்த அழுத்தம் பார்ப்பது எளிய வேலைதான். ஆனால் நேற்று மருந்து மாற்றப்பட்டு, எழுந்தால் தலைசுற்றுகிறது என்று சொல்பவருக்கு அதே வேலை எளியது இல்லை, ஏனென்றால் அங்கே பார்ப்பதோடு சேர்த்து எடைபோடவும் வேண்டும். எடைபோடுவதும், அதன்மேல் திட்டமிடுவதும், பலன் கிடைத்ததா என்று தீர்மானிப்பதும் நர்ஸின் வேலை. அவற்றைக் கைமாற்றிவிட முடியாது.

அறிவுறுத்தல் என்றால் 'ஏதாவது வித்தியாசமாக இருந்தால் சொல்லுங்கள்' என்பது இல்லை. எது வித்தியாசம் என்பதையும் சொல்ல வேண்டும். 'ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 100-க்குக் கீழே இருந்தால், அல்லது எழுந்து நிற்கும்போது தடுமாறினால், அந்த வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எனக்குப் போன் செய்யுங்கள்.' நோயாளிக்கேற்ப எண் மாறலாம். ஆனால் எண்ணும் செயலும் யாருக்கு என்பதும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். வேலையை ஒப்படைத்த பிறகும் அது சரியான முடிவா என்பதற்குப் பொறுப்பு உங்களுடையதே.

வெளியே இருக்கும் நர்ஸ் ஆபத்தான அறிகுறியைக் கண்டால் எப்படித் தெரிவிக்க வேண்டும்?

நான்கு படிகளில். நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, என் வேண்டுகோள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய இந்த முறை பிறகு மருத்துவத் துறைக்கு வந்தது. நர்ஸுகள் முதல் இரண்டையும் நன்றாகவே சொல்கிறார்கள். நான்காவதில்தான் தயங்குகிறார்கள். 'காய்ச்சல் இருக்கிறது டாக்டர்' என்று நிறுத்திவிட்டு, மறுமுனை தானாகப் புரிந்துகொள்ளும் என்று காத்திருப்பார்கள். 'கிருமி ரத்தத்தில் பரவியிருக்கலாம் என்று நினைக்கிறேன், ஆம்புலன்ஸ் அனுப்பச் சம்மதம் வேண்டும்' என்று கேட்கப் பழக்க வேண்டும். குழுக் கூட்டத்தில் நடந்த சம்பவங்களை வைத்துச் சத்தமாகப் பேசிப் பார்ப்பது இதற்கு நல்ல பயிற்சி. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்காமல் அவசர உதவியை அழைக்கலாம் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

தனியாக வீடுகளுக்குப் போகும் நர்ஸின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

நிறுவனமும் குழுத் தலைவரும். 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும் விஷயம் இது இல்லை. யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பது அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி வீட்டை முடித்ததும் ஒரு செய்தி வர வேண்டும். வராவிட்டால் எத்தனை நிமிடத்தில் யார் தேடுவது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். வீட்டில் வன்முறை வரலாறு, போதைப் பழக்கம், கட்டிப்போடாத நாய் இருந்தால் அது நோயாளிக் குறிப்பிலேயே முதல் பக்கத்தில் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு இருவராகப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: உள்ளே நுழைந்ததும் சரியில்லை என்று தோன்றினால் உடனே வெளியே வந்துவிடும் உரிமை. வந்துவிட்ட நர்ஸை 'வேலை முடிக்காமல் ஏன் வந்தாய்?' என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், அடுத்த முறை அவர் வெளியே வர மாட்டார். முதலில் கேட்க வேண்டியது 'உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?' என்பதுதான்.

குழுவில் ஒருவர் தவறு செய்துவிட்டால் எப்படிக் கையாள்வது?

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளைப் பற்றி ஆய்வு செய்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். அங்கேதான் அதிகமான தவறுகள் பதிவாகியிருந்தன. அந்தப் பிரிவுகளில் இருந்தவர்கள் தவறை மறைக்காமல் சொல்லத் துணிந்ததே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார்.

வீடுகளில் நடக்கும் வேலைக்கு இது பல மடங்கு பொருந்தும். வார்டில் தவறு நடந்தால் யாராவது பார்க்க வாய்ப்பு உண்டு. வீட்டில் நடந்ததை நர்ஸே வந்து சொன்னால்தான் உண்டு. இன்சுலின் அளவு தவறிவிட்டது என்று மூச்சிரைக்கப் போன் செய்பவரிடம் முதல் கேள்வி நோயாளியைப் பற்றியதாக இருக்கட்டும்: இப்போது சர்க்கரை எவ்வளவு, நினைவோடு இருக்கிறாரா, பக்கத்தில் யார்? அதன் பிறகு குடும்பத்திடம் உண்மையைச் சொல்வது, பதிவு செய்வது. விசாரணை எல்லாம் கடைசியில்தான் வரும். விசாரிக்கும்போதும், யார் செய்தார் என்பதோடு, செய்ய வைத்தது எது என்று தேடுங்கள். ஒரே மாதிரி இரண்டு இன்சுலின் பேனாக்கள், மங்கலான வெளிச்சம், கையெழுத்து புரியாத குறிப்பு, வழக்கத்தை விட மூன்று வீடு அதிகம் என்று ஏதாவது இருக்கும். வேண்டுமென்றே அலட்சியம் காட்டுபவர் விஷயம் வேறு. அதை வேறாகவே நடத்த வேண்டும், இரண்டையும் குழப்பக் கூடாது.

நேற்று வரை கூட வேலை பார்த்தவர்களுக்கே இன்று தலைவராகிவிட்டேன். எப்படி நடந்துகொள்வது?

நடிக்க வேண்டாம். முதல் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் வேலையில் எது வீணாக நேரம் தின்கிறது, எந்த வீட்டுக்குப் போக மனம் தயங்குகிறது, என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். வரும் பதில்களில் உடனே சரிசெய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்துவிடுங்கள். அது டிரெஸிங் பொருள் நேரத்துக்கு வராத சின்ன விஷயமாகக்கூட இருக்கலாம். நெருங்கிய தோழிக்கு லீவு, எளிய வீடுகள் என்று சலுகை காட்டினால் குழு அன்றே பிளந்துவிடும். யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

அனுபவத்தில் உங்களை விட மூத்தவர் குழுவில் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். புதியவர்களைப் பழக்கும் பொறுப்பை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளியோ குடும்பமோ சிகிச்சையை மறுத்தால்?

தெளிவான மனநிலையில் உள்ள பெரியவர் ஒருவர், விளைவுகளைப் புரிந்துகொண்ட பிறகு வேண்டாம் என்றால், அது நமக்குப் பிடிக்காவிட்டாலும் அவர் உரிமை. ஆனால் வேண்டாம் என்றவரை அப்படியே கைவிட்டுவிடக் கூடாது. ஏன் வேண்டாம் என்கிறார்? கட்டு மாற்றும்போது உயிர்போகிற வலி என்பதால் மறுப்பவருக்கு, முன்னதாகவே வலி மாத்திரை கொடுத்தால் விஷயம் முடிந்தது. குடும்பம் மறுக்கிறது, நோயாளி வேண்டும் என்கிறார் என்றால் நோயாளியின் குரலுக்குத்தான் முதலிடம். புறக்கணிப்போ துன்புறுத்தலோ நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால் அந்தந்த நாட்டுச் சட்டப்படி புகார் செய்வது கடமை. அந்தப் புகாரை இளம் நர்ஸின் தலையில் கட்டாமல் குழுத் தலைவரே முன்னின்று கையாள வேண்டும். மறுநாளும் அந்த வீட்டு வாசலில் நிற்கப் போவது அந்த நர்ஸ்தானே.

தலைவரே இல்லாத குழுக்கள் சாத்தியமா?

நெதர்லாந்தில் ஜோஸ் டி பிளாக் என்ற செவிலியர் 2006-இல் தொடங்கிய பியூர்ட்சோர்க் என்ற வீட்டுச் செவிலிய அமைப்பு அப்படித்தான் இயங்குகிறது. அதிகபட்சம் 12 பேர் கொண்ட குழுக்கள். குழுவுக்கு மேலாளர் கிடையாது. புது நோயாளியை ஏற்பது, நேரம் பிரிப்பது, புதியவரை வேலைக்கு எடுப்பது வரை குழுவே முடிவெடுக்கும். ஒரு சிறிய தலைமை அலுவலகம் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறது. சிக்கல் வந்தால் ஆலோசனை சொல்லப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் ஆணையிடுவதில்லை. பத்தாண்டுக்குள் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் அதில் சேர்ந்தார்கள்.

இதைப் பார்த்து மேலாளர்களை நீக்கிவிட்டால் போதும் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே தலைமை மறையவில்லை, பங்கிடப்பட்டிருக்கிறது. ஒருவர் அட்டவணை பார்க்கிறார், ஒருவர் புதியவரைப் பழக்குகிறார், ஒருவர் குழுவின் கணக்கைக் கவனிக்கிறார். அதற்கேற்ற படிப்பும், நல்ல கணினி வசதியும், மோதல் வந்தால் பேசித் தீர்க்கும் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைத்தன. இவை எதுவும் தராமல் 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் நடக்கப் போவது கைவிடல்தான்.

தலைமைக் கோட்பாடுகளைப் படிக்க வேண்டுமா?

கொஞ்சம் படியுங்கள். ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் முன்வைத்த பணியாளர் தலைமை (தலைவர் முதலில் பிறருக்குப் பணி செய்பவராக இருப்பது), ஜேம்ஸ் மெக்கிரகர் பர்ன்ஸ் 1978-இல் விளக்கிய மாற்றத்தை உண்டாக்கும் தலைமை இரண்டும் செவிலியப் படிப்பில் அடிக்கடி வரும். தேர்வுக்கு உதவும், சிந்திக்கவும் உதவும். ஆனால் நாள்தோறும் உதவுவது, எந்த ஆளுக்கு எந்த வேலையில் எவ்வளவு துணை வேண்டும் என்று கண்டுகொள்ளும் பழக்கம். இருபது வருட அனுபவசாலிக்கும் முதல் முறை கையாளும் கருவியில் கைபிடித்துக் காட்ட ஆள் வேண்டும்.

குழு நன்றாக வேலை செய்கிறது என்பதை எதை வைத்து அளப்பது?

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டோனபேடியன் 1966-இல் சொன்ன மூன்று பிரிவுகள் இன்றும் பயன்படுகின்றன: அமைப்பு, செயல்முறை, விளைவு. ஆளும் பொருளும் இருக்கிறதா, வேலை சரியாக நடக்கிறதா, நோயாளிக்கு என்ன ஆனது? பெரும்பாலான இடங்களில் எண்ணப்படுவது வீடுகளின் எண்ணிக்கை மட்டும். அது நர்ஸின் ஓட்டத்தை அளக்கிறது, பராமரிப்பை அளப்பதில்லை. புதிதாக எத்தனை படுக்கைப் புண்கள் வந்தன, அவை எந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டன, கதீட்டர் தொற்று எத்தனை, வீட்டிலேயே இறக்க விரும்பியவர்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது, எத்தனை வீடுகள் விடுபட்டுப் போயின என்று பாருங்கள். விடுபட்ட வீடுகளின் கணக்கை மறைக்காமல் வைத்திருக்கும் குழுவைத்தான் நான் நம்புவேன். கூடுதல் ஆள் கேட்டு மேலிடத்துக்குப் போகும்போது அந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

நோயாளிகளின் மரணம் குழுவை உடைக்கிறது. என்ன செய்யலாம்?

மாதக்கணக்கில் ஒரு வீட்டுக்குப் போய், பேரன் பேத்தி பெயர் வரை தெரிந்துகொண்ட பிறகு அவர் இறந்துபோனால், நர்ஸுக்கும் அது இழப்புதான். பட்டியலில் அடுத்த பெயரை எழுதிக்கொண்டு போய்விட முடியாது. அன்றைக்கு அவருடைய மீதி வேலையில் ஒன்றிரண்டு வீட்டை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். வாரக் கூட்டத்தில் இறந்தவர்களைப் பற்றிப் பேசச் சில நிமிடம் ஒதுக்கலாம். எது நன்றாக நடந்தது, எது உறுத்துகிறது என்று. அதோடு, மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு நர்ஸுக்கும் தன் வேலையைப் பற்றி அனுபவசாலி ஒருவரிடம் மனம் திறந்து பேசும் நேரம் வேண்டும். அதை மதிப்பெண் போடும் கூட்டமாக்கிவிடாதீர்கள். வேலைப் பளு என்று காரணம் சொல்லி முதலில் ரத்தாவது இந்த நேரம்தான். பளு கூடும்போதுதான் அது அதிகம் தேவைப்படுகிறது.

உயர்ந்த முடிவுகள் எடுக்கும் இடங்களில் நர்ஸுகள் ஏன் குறைவு?

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி 2023-இல் உலகில் 2.98 கோடி நர்ஸுகள் இருந்தார்கள். அப்போதும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை. நர்ஸுகளில் பெரும்பாலோர் பெண்கள். அதே நிறுவனத்தின் 2019 அறிக்கை ஒன்று, உலகின் சுகாதார, சமூகப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள், உயர் பொறுப்புகளில் இருப்பவர்களோ 25 சதவீதம் மட்டும் என்று காட்டியது. சமுதாயச் செவிலியர்கள் இன்னும் பின்தங்குகிறார்கள். அவர்கள் வேலை வீடுகளுக்குள் நடக்கிறது, கூட்ட அறையில் இருப்பவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. அதனால் கூட்டத்துக்குப் போகும்போது கணக்கோடும், அனுமதி பெற்று அடையாளம் மறைத்த ஒரு நோயாளியின் அனுபவத்தோடும் போங்கள். வாய்ப்பு இருந்தால் முடிவெடுப்பவரையே ஒரு காலை நேரம் உங்களோடு வீடுகளுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகும் வீடுகளுக்குப் போக வேண்டுமா?

கண்டிப்பாக. குழுத் தலைவர் வாரத்தில் சில வேளைகளாவது, மேற்பார்வையாளர் மாதத்தில் ஒரு நாளாவது போக வேண்டும். குறை கண்டுபிடிக்கப் போகக் கூடாது. பையைத் தூக்கிக்கொண்டு கூட வேலை செய்யப் போக வேண்டும். புதிய படிவம் ஒன்றை நிரப்ப எவ்வளவு நேரமாகிறது, மாடிப்படியில் ஆக்ஸிஜன் சிலிண்டரை எப்படி ஏற்றுகிறார்கள், கை கழுவ வீட்டில் தண்ணீர் கிடைக்கிறதா என்பது அறிக்கையில் வராது. சிரமமான நோயாளி, தொந்தரவான வீடு என்று நர்ஸ் சொன்னால் அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். அட்டவணையில் அந்த நேரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிடுங்கள், கூட்டம் வந்தாலும் அதை நகர்த்தாதீர்கள்.